மீனுக்கும் பேன் பிடிக்குமா?

சென்ற இதழில் குழந்தைகளின் தலைப்பேன் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஈறு பொரிய 7 நாளிலிருந்து 10 நாள் வரை ஆகும், அதனால் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள், ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு தடவை போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "அக்கா, எங்கள் வீட்டில் பையனுடைய ஆசைக்காகக் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறோம். மீன் மேல் வெள்ளைப் புள்ளி வருகிறது. மருந்து ஊற்றினால் போகிறது. பத்து நாளில் மறுபடி வருகிறது. மீனுக்கும் பேன் பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேடிக்கையாகக் கேட்டாரோ நிஜமாகக் கேட்டாரோ, படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து இதேதான். சகோதரி, நீங்கள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. மீனுக்குப் பிடிப்பது பேன் இல்லை, ஆனால் பேன் மாதிரியேதான். பேனை ஒழிக்கிற கணக்கு தெரிந்தவளுக்கு இதையும் ஒழிக்கத் தெரியும். எனக்குத்தான் அது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

என் சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்குப் பிறந்த நாள் பரிசாக அவன் மாமா வாங்கிக் கொடுத்தது அந்த நாலடித் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், நாலைந்து நத்தைகள். ஆரஞ்சும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட மீனைக் கடைகளில் 'நீமோ' என்றுதான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். 2003-ல் வந்த படத்தின் புண்ணியம். உப்பு கரைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் ஒரு மாதம் அவன் செய்தான், அப்புறம் நான் செய்தேன். வழக்கம்தானே!

ஆனால் அந்தத் தொட்டி நிஜமாக யாருக்குச் சொந்தமாயிற்று என்றால், என் மாமியாருக்கு. மாமனார் போன பிறகு அத்தை யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரி சாப்பிடக் கூப்பிடும் வரை அசைய மாட்டார். பெரிய மீனுக்கு 'சிவப்பி' என்று பெயர். அதனிடம் மட்டும் ஏதோ மெதுவாகப் பேசுவார். காதில் விழாத மாதிரி நாங்கள் நடந்துகொள்வோம்.

முதல் தப்பு

கோடை லீவில் சின்னவன் 'டோரி' வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதே படத்தில் வருகிற நீலக் கலர் மீன். இன்று யோசித்தால் அதை வாங்கியதே தப்பு. அது ஒரு அடி நீளம் வரை வளரக்கூடிய மீனாம், நாலடித் தொட்டி அதற்குப் போதாது. அதைவிடப் பெரிய தப்பு, கடையிலிருந்து பையோடு கொண்டுவந்த அன்றைக்கே நேராகத் தொட்டியில் விட்டது. ஊரிலிருந்து வந்தவரை வாசலில் கால் கழுவச் சொல்லாமல் நேரே சமையலறைக்குள் விட்ட மாதிரி.

பத்து நாள் கழித்து அத்தைதான் கூப்பிட்டார். "ஏம்மா, இங்கே வந்து பாரு. இந்த நீலத்து மேல ரவை ஒட்டின மாதிரி இருக்கே?"

பார்த்தேன். நிஜமாகவே யாரோ ஒரு சிட்டிகை ரவையை எடுத்துத் தூவின மாதிரி துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மீன் போய்ப் போய்க் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மாமி, "ஒரு பிடி கல் உப்பு போடுங்கோ, எங்காத்து கோல்டு ஃபிஷ்ஷுக்கு உடனே கேட்டது" என்றார். இவர்கள் ஏற்கெனவே உப்புத் தண்ணீரில்தான் இருக்கிறார்கள் மாமி என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல தண்ணீர் மீனுக்கு வருகிற வெள்ளைப் புள்ளி வேறு, கடல் மீனுக்கு வருவது வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கிருமி வேறு. அங்கே கேட்கிற உப்பு வைத்தியமும், தண்ணீரைச் சூடாக்குகிற வைத்தியமும் இங்கே கேட்காது.

நான் பூண்டுச் சாற்றில் தீனியை ஊற வைத்துப் போட்டேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு புள்ளி கூட இல்லை! பூண்டின் மகிமையே மகிமை என்று எதிர் வீட்டுக்கெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக் கொண்டேன்.

ஒரு வாரம்தான். அப்புறம் ஒரு நாள் காலையில் டோரி மட்டுமில்லை, சிவப்பி, அதன் ஜோடி, எல்லார் உடம்பிலும் ரவை. இந்தத் தடவை சிட்டிகை இல்லை, உப்புமாவுக்கு அளந்து போட்ட மாதிரி. டோரி மூலையில் நின்றுகொண்டு மூச்சு வாங்கியது.

ஓடினேன் ஒரு கடைக்கு. நீலக் கலரில் ஒரு மருந்து கொடுத்தார்கள். "தொட்டியிலேயே ஊத்துங்கம்மா, ஒண்ணும் ஆகாது." எத்தனை சொட்டு என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை. நானும் ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி கண் அளவில் ஊற்றினேன். மறு நாள் காலை இறால் மல்லாந்து கிடந்தது. நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தன. அன்று சாயந்திரம் டோரியும் போய்விட்டது.

அந்த மருந்தில் இருந்தது செம்பு. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்தால் நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். அதே செம்பு துளி கூடினாலும் இறாலுக்கும் நத்தைக்கும் எமன் என்று எனக்கு எங்கே தெரியும்?

சின்னவன் டோரியைக் காகிதத்தில் சுற்றி ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து என்னோடு பேசவில்லை. அத்தை மட்டும் சொன்னார்: "போயிடுச்சுன்னு நினைச்சா திரும்பி வருது. உங்க மாமாவுக்கு நெஞ்சு அடைச்ச மாதிரியில்ல இருக்கு."

எனக்கு அடி வயிற்றில் சொரேல் என்றது. மாமனாருக்கு அப்படித்தான் நடந்தது. நெஞ்சில் ஒரு பாரம் வந்தது, அரை மணியில் போய்விட்டது. வாயு என்று சோடா குடித்தார். இன்னொரு தரம் வந்தது, போயிற்று. போய்விட்டதே, டாக்டர் எதற்கு என்று எல்லாருமே விட்டுவிட்டோம். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட நேரமில்லை. மீன் பற்றி எழுதும்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வலி போனதும் வியாதி போய்விட்டது என்று நினைப்பது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. மனுஷரோ மீனோ, தானாகப் போனது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

பாட்டி சொன்ன கணக்கு

அந்த வாரம் என் அண்ணன் மகன் வந்திருந்தான். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். தொட்டியைப் பார்த்தான், மருந்துப் பாட்டிலைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்தை, புள்ளி போனா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அது குட்டி போடப் போயிருக்குன்னு அர்த்தம்" என்றான்.

அவன் விளக்கியதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வைத்தியமே இதில்தான் இருக்கிறது.

இந்த ஒட்டுண்ணிக்குப் பெயர் கிரிப்டோகேரியான். 1937-ல் ஜப்பானில் சிகாமா என்பவர் இதை விவரித்தார். 1951-ல் பிரௌன் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஜீவன். இதற்கு வாழ்க்கையில் நாலு கட்டம்.

முதலில் தண்ணீரில் நீந்தி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மீன் கிடைத்தால் மேல் தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு மூன்றிலிருந்து ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். நாம் பார்க்கிற ரவை அதுதான். தோலுக்கு அடியில் இருப்பதால் அப்போது மருந்து ஊற்றினால் அதற்குப் படாது. கொழுத்த பிறகு மீனை விட்டு இறங்கும், பெரும்பாலும் ராத்திரி இருட்டில். அதனால்தான் காலையில் புள்ளியைக் காணோம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். இறங்கியது மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே பிளந்து பிளந்து, ஒன்று இருநூறு வரை ஆகும். அந்த ஓட்டுக்குள்ளும் மருந்து போகாது. சீக்கிரம் பொரிந்தால் மூன்று நாள். சோம்பேறி முட்டைகள் 72 நாள் வரை கூடத் தூங்கியிருக்கின்றனவாம்!

கேட்டுக்கொண்டிருந்த அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "இதுல என்ன அதிசயம்? பேனும் ஈறும்தானே. பேனை நசுக்கினா ஈறு இருக்கும். ஈறு பொரியுற வரைக்கும் விடாம வாரணும். தலையணை உறையையும் மாத்தணும்."

அண்ணன் மகன் ஒரு நிமிஷம் பேசவில்லை. "பாட்டி, எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததை நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க" என்றான். அன்றைக்கு வெகு நாள் கழித்து அத்தை முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

வடிதட்டு வைத்தியம்

மருந்தே இல்லாமல் இதைப் போக்க ஒரு வழி உண்டு. 1980-களில் இஸ்ரேலில் ஐலாத் என்ற கடலோர ஊரில் ஆராய்ச்சி செய்தவர்கள் விளக்கிய முறை இது. தலையணை உறை மாற்றுகிற கதைதான். முட்டை பொரிய குறைந்தது மூன்று நாள் ஆகும் அல்லவா? பொரிவதற்குள் மீனைப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டால் முட்டையெல்லாம் பழைய பாத்திரத்தோடு போச்சு. மீன் உடம்பில் மீதி இருப்பது புதுப் பாத்திரத்தில் இறங்கும். அது பொரிவதற்குள் மறுபடி மாற்று. நாலு மாற்றத்தில் மீன் உடம்பில் இறங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

நாங்கள் செய்த விதம் இது:

40 லிட்டர் பிளாஸ்டிக் டப்புகள் இரண்டு, புதுசாக வாங்கினேன். சோப்பு படாததாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஏர் பம்ப், தனிக் குழாய். மணலும் கல்லும் கூடாது. மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளம்பிங் பைப் மட்டும். கடல் உப்பு என்று மீன் தொட்டிக்கென்றே விற்பதுதான் வேண்டும், சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்து இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில், குளோரின் இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் முந்தின நாளே கரைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்துவிடுவேன். 40 லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு. நாலு தடவைக்கு ஆறு கிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் உப்பிலும் சூட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு உப்புமானியும் தெர்மாமீட்டரும் அவசியம். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்!

ஜூன் 8-ந் தேதி காலை 9 மணிக்கு இரண்டு மீனையும் முதல் டப்பில் விட்டோம். 11-ந் தேதி காலை 9 மணி அடிப்பதற்குள் இரண்டாவது டப். 14-ந் தேதி மறுபடி முதல் டப். 17-ந் தேதி இரண்டாவது. 20-ந் தேதி மூன்றாவதாக வாங்கி வைத்த ஒரு சின்னத் தொட்டிக்கு. 72 மணி நேரத்தை ஒரு தடவை கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தினசரி காலண்டரில் அந்தத் தேதிகளின் மேல் குங்குமத்தால் புள்ளி வைத்து விட்டார் அத்தை. ஞாபகப்படுத்துகிற வேலையும் அவருடையதே. 14-ந் தேதி ஒரு கிருகப் பிரவேசத்துக்குப் போக வேண்டியிருந்தது. "அவங்க வீடு எங்கேயும் போயிடாது, மீனை மாத்திட்டுப் போ" என்றார்.

வலை போட்டுத் துரத்தினால் மீன் மிரண்டு போகிறது, துடுப்பு கிழிகிறது. எனக்குத் தோன்றிய உபாயம், காய்கறி கழுவுகிற பிளாஸ்டிக் வடிதட்டு. டப்புக்குள் மெதுவாக அமிழ்த்தி, மீன் மேலே வந்ததும் தூக்கினால் தண்ணீர் வடிந்து மீன் மட்டும் நிற்கும். பழைய தண்ணீர் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு டப்புக்கும் இரண்டு வடிதட்டு. ஈரக் கையை ஒரு டப்பிலிருந்து இன்னொன்றில் விடாதீர்கள். டப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், தெறிக்கிற ஒரு சொட்டிலும் அது வந்துவிடும். ஒன்றை ஹாலிலும் ஒன்றைப் பின் கட்டிலும் வைத்தோம்.

காலியான டப்பைத் தேய்த்துக் கழுவி, பைப் துண்டு, ஏர் குழாய், வடிதட்டு எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் சுக்காகக் காய வைத்துவிடுவேன். ஈரம் இல்லாவிட்டால் அதற்கு உயிர் இல்லை. ஊறுகாய் ஜாடியைக் காய வைக்கிற அதே பதம். கொட்டுகிற தண்ணீரைத் துளசிக்கோ செடிக்கோ ஊற்றிவிடாதீர்கள், உப்புத் தண்ணீர் செடியைக் கொன்றுவிடும்.

தீனி கொஞ்சமாகப் போடுங்கள். டப்பில் ஃபில்டர் இல்லாததால் மீனின் கழிவே அதற்கு விஷம். அம்மோனியா பார்க்கிற ஒரு சின்னப் பட்டி கடைகளில் கிடைக்கிறது, அதைத் தொங்க விட்டுக்கொள்ளலாம். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

காலித் தொட்டியும் 76 நாளும்

மீன் சுத்தமாயிற்று, சரி. வீடு? பெரிய தொட்டியின் மணலில்தான் முட்டைகள் காத்துக்கொண்டிருக்கின்றனவே! அதை ஒழிக்கவும் மருந்து தேவையில்லை. மீனே இல்லாமல் விட்டுவிட வேண்டும். பொரிந்து வருகிறவை மீனைத் தேடி அலைந்து, கிடைக்காமல் பட்டினியில் சாகும். 72 நாள் தூங்கியதற்குக் கணக்கு இருப்பதால், மேலே நாலு நாள் சேர்த்து 76 நாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் குறைவான நாளும் போதும் என்பாரும் உண்டு. ஒரு தடவை அடிபட்ட நாங்கள் 76 நாளும் விட்டோம். ஒரே ஒரு மீனைக் கூட, பாவம் என்று விட்டு வைக்கக் கூடாது.

தொட்டியிலிருந்த செம்பை எடுப்பது தனி வேலை. கரித்தூள் ஃபில்டர் போட்டு, தண்ணீரைப் பாதி பாதியாகப் பல தடவை மாற்றினோம். கல்லும் மணலும் செம்பைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும் என்பதால் அவற்றை எடுத்து எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். இன்று வரை அந்தத் தொட்டியில் இறால் விடவில்லை. சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆடி மாதம் முழுக்க ஹாலில் காலித் தொட்டி. அத்தை நாற்காலியைச் சின்னத் தொட்டி இருக்கிற பின் கட்டுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஒரே புழுக்கம். அத்தை அசையவில்லை. ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள் பார்க்கிறேன், டார்ச்சை முந்தானையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ராத்திரிதானே இறங்கும்னு சொன்னான். இறங்க ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்" என்றார். ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் மாமனாரைப் பற்றி முதல் தடவையாக என்னிடம் மனசு விட்டுப் பேசினார். விடிகிற வரை பேசினோம்.

எது ரவை, எது மாவு?

எல்லாப் புள்ளியும் ஒரே நோய் இல்லை. அடுக்களைக்காரி கண்ணுக்கு இப்படி அடையாளம் சொல்கிறேன்:

ரவை மாதிரி தனித்தனியாக எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளி என்றால், மேலே சொன்ன கிரிப்டோகேரியான்.

சலித்த மாவை, அல்லது லேசான மஞ்சள் பொடியை ஊதின மாதிரி எண்ணவே முடியாத மெல்லிய தூசி, கூடவே வேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் அது 'வெல்வெட்'. இது ரொம்பக் கொடியது, இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். இதற்கு வடிதட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தெரிந்தவர் மேற்பார்வையில் செம்பு மருந்துதான். சாதாரணச் செம்பு மருந்து என்றால் லிட்டருக்கு 0.15-லிருந்து 0.20 மில்லிகிராம், மூன்று வாரம் குறையாமல். சில மருந்துகளில் செம்பு வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கும், அவற்றின் அளவு வேறு. பாட்டிலைப் படித்து, செம்புச் சோதனைப் பெட்டி வைத்துத் தினம் அளக்க வேண்டும். குறைந்தால் கேட்காது, கூடினால் மீனே போய்விடும். என்னைப் போலக் கண் அளவு வேண்டாம்.

மீன் தலையை ஆட்டிக்கொண்டு, கண் மங்கி, உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ அரிக்கிற மாதிரி தேய்த்துக்கொண்டால் தட்டைப் புழுவாக இருக்கலாம். அதே சூட்டில், காற்றுக் குமிழி விட்ட நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் மீனை விட்டால் புழு வெள்ளையாகி உதிர்ந்து அடியில் கிடப்பது தெரியும். மீன் துவண்டால் உடனே எடுத்துவிட வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கிற ரவைக்கு இந்தக் குளியல் பலிக்காது. புழுவின் முட்டை பாக்கி இருக்கும் என்பதால் இதோடும் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

துடுப்பில் காலிபிளவர் மாதிரி கட்டி என்றால் அது ஒட்டுண்ணி இல்லை, ஒரு வைரஸ். பெரும்பாலும் தானே போய்விடும். அதற்கு மருந்து ஊற்றி மீனைக் கஷ்டப்படுத்தாதீர்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

மீனின் ரவை மனுஷருக்கு ஒட்டாது, பயம் வேண்டாம். ஆனால் கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கிற ஒரு வகை பாக்டீரியா காயம் வழியாகப் போய் வாரக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் மீன் தொட்டி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்க வேண்டாம், முக்கியமாக மருந்து ஊற்றிய தண்ணீரை. செம்பு மருந்து விஷம், தவழுகிற குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஃபார்மலின் என்று ஒன்றை யாராவது சிபாரிசு செய்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள், அதன் நெடியே கெடுதல். தொட்டிக்கு எடுத்த மக்கும் வடிதட்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நான் அவற்றில் நெயில் பாலிஷால் மீன் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். ராமேஸ்வரம் போனேன், கரையில் பவளக்கல் கிடந்தது, தொட்டிக்கு அழகாக இருக்குமே என்று யாரும் எடுத்து வராதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 2001-லிருந்து அது குற்றம். கோமாளி மீன் வாங்கினால் பண்ணையில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய மையங்கள் இவற்றைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடலிலிருந்து பிடிக்காமல் பண்ணையில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்கும் தீனிக்கும் பழகியதாக இருக்கும்.

ஆகஸ்ட் 23-ந் தேதி எங்கள் 76 நாள் முடிந்தது. மறு நாள் காலை சின்னவன்தான் வடிதட்டில் சிவப்பியை எடுத்து விட்டான். ஒரு சுற்று சுற்றிவிட்டு அது தன் பழைய மூலைக்கே போய் நின்றது. அத்தை நாற்காலியை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். டோரிக்குப் பதில் வேறு ஒன்று வாங்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, பையன் முந்திக்கொண்டு, "வாங்கினா முப்பது நாள் திண்ணையில இருந்துட்டுத்தான் உள்ளே வரணும்" என்றான்.

திண்ணை என்பது இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பின் கட்டுத் தொட்டிக்குப் பெயர். புதுசாக எது வந்தாலும், நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு மாதம் அங்கேதான். கடிதம் எழுதிய சகோதரியும் இன்றைக்கே ஒரு திண்ணை கட்டிக்கொள்ளட்டும். காலண்டரில் குங்குமப் புள்ளி வைக்க வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் நல்லது.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் அரிசிப் பானையில் வண்டு விழாமல் இருக்க என்ன செய்வது என்று பார்ப்போம்.